களஞ்சியத்திலிருந்து சாலைக்கு: ஒரு மாடல் டி பயணக் குறிப்பு

முதல் நாள்: டெட்ராய்ட், டியர்பார்ன்

பிகெட் அவென்யூவில் இருக்கும் மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தைப் பார்த்தால் கார் தொழிற்சாலை என்று தோன்றாது. நூற்பாலை அமைப்பில் கட்டியது. நீளம் 402 அடி, அகலம் வெறும் 56 அடி. 1904-இல் பகல் வெளிச்சத்தை நம்பித்தான் வேலை நடந்தது. இரு பக்க ஜன்னல் வெளிச்சமும் நடுக்கூடம் வரை எட்டவேண்டும் என்பதால் கட்டடத்தை ஒடுக்கிக் கட்டினார்கள். 1908 செப்டம்பர் கடைசியில் ஃபோர்டின் முதல் மாடல் டி இங்கிருந்துதான் இறங்கியது. 1910-இல் வேலை ஹைலண்ட் பார்க் ஆலைக்குப் போனது. 1913-இல் அங்கே நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸி பூட்டும் வேலை 93 நிமிடத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலர் இருந்த கார், 1925-இல் 260 டாலருக்கு வந்தது அதனால்தான். 1927 மே மாதம் நிறுத்தும்வரை ஒன்றரைக் கோடி கார்கள்.

அங்கிருந்து டியர்பார்ன் பக்கம்தான். ஹென்றி ஃபோர்டு 1863-இல் பிறந்த பண்ணை வீட்டை 1944-இல் கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பண்ணை வேலை பிடிக்காமல் நகரத்துக்கு ஓடிய விவசாயி மகன் செய்த கார் இது. அந்தப் பின்னணி காரில் தெரிகிறது. சேற்று வண்டித்தடத்தில் அடி தட்டாமல் போக ஏறத்தாழ 10 அங்குல உயரம். அச்சுக்கும் கியருக்கும் வனேடியம் எஃகு. ஸ்பேனர், சுத்தியல், கம்பி இருந்தால் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின். நகரத்துக்காரருக்கு இது கார். விவசாயிக்கு ஏர், கலப்பை வரிசையில் இன்னொரு கருவி. இந்தப் பாதை முழுக்க அந்தப் பார்வையில்தான் எழுதப்போகிறோம்.

பயணத்துக்கான வண்டி 1923 டூரிங் (மடக்குக் கூரை வைத்த திறந்த கார்). பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். புறப்படும் முன் செய்யவேண்டியவை வரிசைப்படி:

கை லீவரை முழுக்கப் பின்னால் இழுக்கவேண்டும். அது பின்சக்கர பிரேக்கையும் பிடிக்கும், கியரை நியூட்ரலிலும் வைக்கும். லீவர் தேய்ந்து நியூட்ரல் சரியாக விழாவிட்டால், ஸ்டார்ட் ஆனதும், முன்னால் நின்று ஸ்டார்ட் கைப்பிடி சுற்றுபவர் மேலேயே கார் ஏறும். ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர், ஏறத்தாழ 3 கேலன். தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கித்தான் சுழற்சி. மேல்குழாய் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். ஆயிலுக்கு அளவுக் குச்சி இல்லை. ஃப்ளைவீல் உறையில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் உண்டு. கீழே திறந்தால் ஆயில் வரவேண்டும், மேலே திறந்தால் வரக்கூடாது. மொத்தம் 4 குவார்ட். ஆயில் ஃபில்டர் இல்லாததால் 500 மைலுக்கொருமுறை மாற்றுவது நல்லது.

பிறகு ஸ்டீயரிங்குக்கு அடியில் இடதுபக்க ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளவேண்டும். இது தப்பினால் கை உடையும்: பொறி முன்கூட்டியே விழுந்து பிஸ்டனைத் திருப்பி அடிக்கும், கைப்பிடி எதிர்த்திசையில் சுழலும். வலதுபக்கம் த்ராட்டில் நாலைந்து பல் கீழே. இக்னிஷனை அணைத்துவைத்து, ரேடியேட்டருக்கு அருகே உள்ள சோக் கம்பியை இழுத்தபடி இரண்டு மூன்று கால்சுற்று சுற்றி பெட்ரோலை உள்ளே இழுக்கவேண்டும். இக்னிஷனைப் போட்டதும் இடது கையால் கைப்பிடியைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கட்டைவிரலும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. கீழ்நோக்கி அழுத்தவே வேண்டாம். ஓடத் தொடங்கியதும் ஸ்பார்க் லீவரைக் கீழே கொண்டுவந்து, சாவியை பேட்டரியிலிருந்து மேக்னெட்டோவுக்கு (ஃப்ளைவீலோடு சேர்ந்த மின்னாக்கி) மாற்றவேண்டும்.

இந்த வண்டிக்கு 6 வோல்ட் செல்ஃப் ஸ்டார்ட்டர் இருக்கிறது. இருந்தாலும் கைப்பிடி முறை தெரியாமல் கிளம்பக்கூடாது.

இரண்டாம் நாள்: யு.எஸ்.12 வழியாகக் கோல்ட்வாட்டர்

டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ போன பழைய வண்டிப்பாதைதான் இன்றைய யு.எஸ்.12. பெருவழிச்சாலைகளில் டி ஏறக்கூடாது. மணிக்கு 30 முதல் 35 மைல்தான் இதற்குச் சுகமான வேகம், 40-க்கு மேல் எஞ்சினும் வேண்டாம் என்கிறது, பிரேக்கும் வேண்டாம் என்கிறது. இப்சிலாண்டியில் பழைய ஹட்சன் டீலர் கடை இருந்த கார் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கலாம். கிளிண்டன் தாண்டினால் ஐரிஷ் ஹில்ஸ் மேடுகள் தொடங்குகின்றன. யு.எஸ்.12-உம் எம்-50-உம் சந்திக்கும் இடத்தில் குதிரை வண்டிக்காலத்து வாக்கர் டேவர்ன் சத்திரம் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் இங்கே குதிரைகளை ஓய்வெடுக்க நிறுத்துவார்கள். டி-யையும் நிறுத்துங்கள், காரணம் கீழே.

முதலில் பெடல். மூன்று உண்டு, இன்றைய காரின் எந்தப் பழக்கமும் இங்கே உதவாது. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நியூட்ரல், காலை எடுத்தால் மேல் கியர் (கை லீவர் முன்னால் இருந்தால்). நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் கையில். பதற்றத்தில் கால் தானாக 'கிளட்ச்' தேடி இடது பெடலை முழுக்க அழுத்தினால் வண்டி முதல் கியரில் முன்னால் பாயும். புதிதாக ஓட்டுபவர் செய்யும் விபத்தில் பெரும்பாலானது இதுதான். டிராக்டரோடு வளர்ந்த விவசாயிக்கு இது பிரச்சினையே இல்லை. கையால் எரிபொருள் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல.

மேட்டில் இரண்டு சிக்கல். பெட்ரோல் பம்ப் இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்து தானாக வழிந்துதான் கார்புரேட்டருக்குப் போகும். ஏற்றத்தில் கார் மூக்கைத் தூக்கினால் டேங்க் தாழும், கார்புரேட்டர் உயரும். டேங்கில் குறைவாக இருந்தால் எஞ்சின் இருமி நின்றுவிடும். அந்தக் காலத்தில் மேட்டைப் பின்னோக்கி ஏறினார்கள். அது வேடிக்கைக்கு அல்ல: அப்போது டேங்க் கார்புரேட்டருக்கு மேலே வரும். தவிர, ரிவர்ஸ் கியர் விகிதம் 4:1, முதல் கியர் 2.75:1, ஆக ரிவர்ஸில் இழுவையும் கூடுதல். 10 கேலன் டேங்க், கேலனுக்கு 15 முதல் 20 மைல் என்று வைத்தால் 70, 80 மைலுக்குள் நிரப்பிவிடுவது நல்லது. இங்கே மேடு தொடங்கும் முன் நிரப்புங்கள்.

இறக்கம்தான் உண்மையான ஆபத்து. கால் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குள் சுழலும் டிரம்மை ஒரு பேண்ட் (சுற்றுப் பட்டை) இறுக்குகிறது. அந்தப் பிடி டிரைவ் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், அச்சு எல்லாம் தாண்டித்தான் சக்கரத்துக்கு வரும். பின் அச்சுக்குள் ஃபோர்டு வைத்த பேபிட் என்ற மென்மையான உலோக த்ரஸ்ட் வாஷர்கள் காலப்போக்கில் நொறுங்கும். நொறுங்கினால் கிரௌன் வீல் விலகிப் பினியனோடு பல் பொருந்தாது. அந்தக் கணத்தில் கால் பிரேக், ரிவர்ஸ், எஞ்சின் எதுவுமே சக்கரத்தைப் பிடிக்காது. கை பிரேக் மட்டும் மிச்சம், அதுவும் தேய்ந்திருக்கும். எவ்வளவு அழகாக பெயின்ட் அடித்த டி-யாக இருந்தாலும், பின் அச்சைக் கழற்றி வெண்கல வாஷர் போட்டார்களா என்று கேட்காமல் அதில் ஏறி இறக்கத்துக்குப் போகாதீர்கள். போட்டாலும் பின்சக்கரத்தில் வெளிப்பக்கத் துணை பிரேக் பொருத்துவது அவசியம் என்பதே எங்கள் கருத்து. அசல் தன்மை கெடும் என்பவர்கள் சமவெளியில் ஓட்டட்டும்.

நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை மூடி, மேலே இருக்கும்போதே முதல் கியரைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். பிரேக் பேண்ட் சூடேறினால் ரிவர்ஸ் பெடலை லேசாக மாற்றி மாற்றி அழுத்தலாம். அதுவும் பிரேக் வேலையே செய்யும், தேய்மானம் மூன்று பேண்டுக்கும் பகிரும்.

சத்திரத்தில் நிறுத்தச் சொன்னது இதற்காக: பின்சக்கர ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக் உரசுகிறது, இல்லை பேரிங் போகிறது.

மூன்றாம் நாள்: ஹிக்கரி கார்னர்ஸ்

வடமேற்கே 50 மைல் போலத் திரும்பினால் கில்மோர் கார் அருங்காட்சியகம். 1966-இல் திறந்தது. 90 ஏக்கர் பண்ணை நிலத்தில், வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய மரக் களஞ்சியங்களுக்குள் கார்கள். டி ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பும் இங்கே உண்டு. ஓட்டாதவர் போகும்போது முன்கூட்டியே இடம் பதிந்துகொள்வது நல்லது.

களஞ்சியத்துக்குள் கார் என்பது பார்வைக்கு வைத்த ஏற்பாடு மட்டும் அல்ல. இந்தக் கார்கள் பிழைத்ததே களஞ்சியத்தால்தான். 1920-களில் இந்தப் பக்கம் பிறந்த ஒரு விவசாயியின் ஆயுளையும் வீட்டு டி-யின் ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இப்படி வரும். குழந்தையாக இருக்கும்போது கார் புதிது. முட்டை, பாலேடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறது. 1930-களில் விளைச்சலுக்கு விலை இல்லை. பின்சீட்டை வெட்டி எறிந்து மரப்பெட்டி அடித்தால் அது சரக்கு வண்டி. பிறகு சாலைக்கே வராமல் விறகு அறுக்கும் எஞ்சின். 1942-இல் போருக்கு இரும்பு திரட்டியபோது பல டி-க்கள் போய்விட்டன. புல்லுக்கு அடியில் கிடந்தவை தப்பின. 1936-இன் ஊரக மின்மயச் சட்டத்துக்குப் பிறகு மின்கம்பி வந்து மோட்டார் வந்ததும் எஞ்சினுக்கும் வேலை இல்லை. நாற்பது வருடம் உறக்கம். மகன் நிலத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, அறுபது எழுபது வயதில், அதே மனிதர் கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு காரை வெளியே இழுக்கிறார். தொண்ணூறு வயதிலும் ஓட்டுகிறார். பாகம் பாகமாகத் தெரிந்த இயந்திரம் என்பதால் முடிகிறது.

அப்படி வெளியே இழுத்த டி-யை எழுப்பும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ஆர்வத்தில் முதல் ஐந்து நிமிடத்தில்தான் எஞ்சினைக் கெடுக்கிறார்கள்.

கைப்பிடியைத் தொடவே கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி மெல்லிய ஊடுருவும் ஆயில் விட்டு ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் எஞ்சின் அடித்தட்டின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தார் மாதிரி படிந்த கசடு இருக்கும், எலி கட்டிய கூடும் இருக்கலாம். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் பாருங்கள்; சத்தம் வந்தால் பேபிட் பேரிங் தேய்ந்திருக்கிறது. வால்வு மூடிகளைத் திறந்தால் ஒட்டிக்கொண்ட வால்வு தெரியும். அசல் வால்வு இரண்டு துண்டு: வார்ப்பிரும்புத் தலை, எஃகுத் தண்டு. தலை கழன்று விழுந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் போகும். ஓட்டப்போகிறவர் ஒரே துண்டு வால்வுக்கு மாற்றிவிடவேண்டும்.

பெட்ரோல் டேங்கைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. துரு முழுக்க டேங்கின் அடியில் உள்ள கிண்ணத்தில் வந்து அடைக்கும். மரப்பெட்டிக் காயில்கள் நான்கிலும் உள்ளே இருக்கும் காகிதக் கெபாசிட்டர் ஈரம் குடித்திருக்கும். தாரைத் தோண்டி எடுத்துவிட்டு 0.47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கெபாசிட்டர் வைத்து மூடுவது வழக்கம். இதன்பின் கைப்பிடியால், பிளக் இல்லாமலே, மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் கொடுக்காதீர்கள். மேல் கியரில் வைத்து டிராக்டரில் கட்டி இழுத்தால் எளிதில் சுழலும் என்று தோன்றும். கழலாத பிஸ்டனின் பாரம் கனெக்டிங் ராடிலும் பின் அச்சிலும் போய் விழும்.

நான்காம் நாள்: சவுத் பெண்ட்

80 மைல் சமவெளி தாண்டி இண்டியானாவுக்குள். ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள் 1852-இல் இங்கே கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டி கட்டிப் பெரிதாகி, கார் கம்பெனி ஆனார்கள். சவுத் பெண்ட் ஆலையில் கார் உற்பத்தி 1963 டிசம்பரில் நின்றது. அருங்காட்சியகத்தில் குதிரை வண்டியிலிருந்து கார்வரை வரிசையாகப் பார்க்கலாம். டி பிரியர் நிற்கவேண்டிய இடம் மர வண்டிச்சக்கரங்களுக்கு எதிரே.

டி-யின் ஆரக்காலும் ஹிக்கரி மரம்தான். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேல் பக்கத்தையும் கீழ் பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். 'டக்' என்று மரச்சத்தம் வந்தால் ஆரக்கால் தளர்ந்திருக்கிறது. பேரிங் ஆட்டத்தின் சத்தம் வேறு, இரும்பு மோதுவது தெரியும். தளர்ந்த சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் மரம் ஊதி இறுகும் என்பது பழைய தந்திரம். இறுகும்தான், ஆனால் காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். இதைச் செய்துகொண்டு வளைவில் திரும்பக்கூடாது.

டயர் 30-க்கு 3½ கிளிஞ்சர். இதன் விளிம்பைப் பிடித்துவைப்பது கம்பி அல்ல, காற்றழுத்தம். 55 முதல் 60 பவுண்டு இல்லாவிட்டால் டயர் ரிம்மில் வழுக்கி நகர்ந்து, டியூபின் வால்வுத் தண்டைக் கிழித்துவிடும். காலையில் அழுத்தம் பாருங்கள், வால்வுத் தண்டு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டயர் நகரத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள்: ஷிப்ஷுவானா வழியாக ஆபர்ன்

ஷிப்ஷுவானாவைச் சுற்றி ஆமிஷ் மக்களின் பண்ணைகள், சாலை ஓரத்தில் குதிரை வண்டிகள். குதிரைக்கு அருகே டி-யின் சைலன்சர் சத்தமும் காயில் இரைச்சலும் ஒத்துவராது. த்ராட்டிலைக் குறைத்து அகன்று கடந்து போங்கள், ஹார்ன் வேண்டாம்.

மக்காச்சோள வயல் நடுவே ஓட்டும்போது இந்தக் கார் பண்ணையில் செய்த இன்னொரு வேலை ஞாபகம் வருகிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவைத்து, அதில் பெல்ட் போட்டு ரம்பம், சோளம் உதிர்க்கும் இயந்திரம், அரைவை எல்லாம் ஓட்டினார்கள். மறுசக்கரம் தரையில் கட்டை வைத்து நிற்பதால் டிஃபரென்ஷியல் முழுச் சுழற்சியையும் தூக்கிய சக்கரத்துக்கே கொடுக்கும், வேகம் இரட்டிப்பாகும். எஞ்சின் 1,000 சுற்று, அச்சு விகிதம் 3.63 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 550 சுற்று. ரம்பத்துக்கான கப்பியின் அளவை இந்தக் கணக்கில்தான் தேர்ந்தார்கள்.

கெடுவது மூன்று இடத்தில். எஞ்சின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் கவர்னர் இல்லாததால், ரம்பத்தில் மரம் அறுந்து பாரம் போன நொடியில் எஞ்சின் தறிகெட்டு ஓடும்; த்ராட்டிலில் ஒருவர் கை வைத்தே இருக்கவேண்டும். கார் நகராததால் எதிர்க்காற்று இல்லை, தண்ணீர் கொதிக்கும். காற்று வரும் திசைக்கு மூக்கை வைத்து நிறுத்துவார்கள். டிஃபரென்ஷியலின் சிறு பல்சக்கரங்கள் திருப்பத்தில் மட்டும் சுழலச் செய்தவை; மணிக்கணக்கில் சுழன்றால் அவற்றின் புஷ் (உள்வளையம்) தேய்ந்துவிடும். பண்ணையிலிருந்து வரும் பழைய பின் அச்சில் இந்தத் தேய்மானம் இருந்தால் அந்தக் கார் ரம்பம் ஓட்டியது என்று சந்தேகிக்கலாம்.

டி-யை டிராக்டராக மாற்றும் இணைப்புப் பெட்டிகளும் விற்றன. செயின்ட் பால் நகரத்து ஸ்டாடெ மேக்-ஏ-டிராக்டர் அதில் பேர்போனது. பின்னால் பெரிய இரும்புச் சக்கரம், அச்சு முனையில் சிறு பினியன், அவ்வளவுதான். 20 குதிரைத்திறன் எஞ்சினைக் கலப்பையில் கட்டி நாள் முழுக்க முழுத் த்ராட்டிலில் விட்டால் பேரிங்தான் விலை கொடுக்கும். 1917-இல் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்து அதன் விலையும் இறங்கியபின் அந்த வியாபாரம் மங்கியது.

ஆபர்னில் 1930-ஆம் ஆண்டு ஷோரூம் கட்டடத்தில் ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் அருங்காட்சியகம். அழகுக்குக் குறைவில்லை. பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆறாம் நாள்: ரிச்மண்ட்

ஃபோர்ட் வெய்ன் நகரைச் சுற்றிக்கொண்டு யு.எஸ்.27 பிடித்து நேர் தெற்கு. 115 மைல் போல வரும். 30 மைல் வேகத்தில் ஏறத்தாழ நாலு மணி நேரம், நிறுத்தங்களோடு ஒரு முழுப் பகல். வெயிலில் நீண்ட சமதளம் ஓட்டும்போது ஸ்பார்க் லீவரை மறந்துபோய் மேலேயே விட்டுவிடுகிறார்கள். தாமதமாகப் பற்றும் கலவை எரிந்துகொண்டே வெளியேறி எக்சாஸ்ட் மேனிஃபோல்டைச் சிவக்க வைக்கும், தண்ணீரும் கொதிக்கும். ரேடியேட்டரைக் குறை சொல்லும் முன் லீவரைக் கீழே இறக்கிப் பாருங்கள்.

ரிச்மண்டில் அமெரிக்க மாடல் டி கிளப் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கே கூடும் பேச்சில் பாதி மேக்னெட்டோவைப் பற்றித்தான் இருக்கும். ஃப்ளைவீலில் 16 காந்தம், எதிரே 16 காயில் வளையம். வேகத்துக்கு ஏற்பப் பத்துக்குக் குறைந்த வோல்ட்டிலிருந்து இருபத்தைந்துக்கு மேல்வரை கொடுக்கும். காரிலேயே வைத்து இதைக் கொல்ல எளிய வழி, பேட்டரி வயரைத் தவறுதலாக மேக்னெட்டோ முனையில் தொடுவது. காந்தங்களின் பலம் அப்போதே இறங்கிவிடும். வயரிங் வேலை எதுவானாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

முதல் கியர் வழுக்கத் தொடங்கினால் அந்த பேண்டை மூடி திறக்காமலே வெளிப்பக்கத் திருகாணியால் இறுக்கலாம். பிரேக், ரிவர்ஸ் இரண்டுக்கும் மூடியைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றியதும் முதல் வேலை, திறப்பைச் சுற்றிலும் துணியை அடைப்பது. நட்டு ஒன்று கைதவறி உள்ளே விழுந்தால் ஃப்ளைவீல் அதை எடுத்துக்கொண்டு போய் மேக்னெட்டோ காயிலில் அரைத்துவிடும். எண்ணிக் கழற்றி, எண்ணிப் பூட்டுங்கள். பேண்டை அளவுக்கு மேல் இறுக்கினால் நியூட்ரலிலும் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பஞ்சுப் பட்டை கருகும், அதன் நூல் ஆயில் குழாயில் போய் அடைக்கும், முன் பக்கத்துக்கு ஆயில் போகாது. முதல் சிலிண்டரின் பேரிங் முதலில் போவதற்கு இது ஒரு காரணம்.

காரை டிரெய்லரில் ஏற்றும் முன்: பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பின் அச்சு மட்டம் பாருங்கள். துளைக்கு ஒன்றரை அங்குலம் கீழே நின்றால் போதும், நிரம்ப ஊற்றினால் ஹப் வழியாகக் கசிந்து பிரேக் டிரம்முக்குப் போகும். ஹப் கிரீஸ் கப் எல்லாம் ஒரு சுற்று. பொறி விழும் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டைமர் ரோலர் வகை என்றால் இரண்டு சொட்டு ஆயில். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்து, குளிர்காலம் நெருங்கினால் இன்றைக்கே வடித்துவிடவும்; எஞ்சின் பக்கவாட்டுத் தண்ணீர்க் குழாயில் தேங்குவதையும் சேர்த்து.